பிள்ளைகளை ஓடியாட வைப்பது எப்படி? உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் உடற்பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டு ஆசிரியராக இருப்பதால் பெற்றோர் கூட்டத்திலும், ஆசிரியர் அறையிலும், மைதானத்து ஓரத்திலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நன்றாக ஆடும் பிள்ளை எப்படியும் ஆடிவிடும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை, அதனால் பதில்களும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாடணும்? ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமானது முதல் கடுமையானது வரையிலான பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அது போக, வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமும், தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சியும் இருக்க வேண்டும்.

இந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கு வேகமாக நடந்து வந்தது, இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடியது, மாலையில் சைக்கிள் ஓட்டியது எல்லாமே கணக்கில் சேரும். ஒரு நாள் குறைந்தால் இன்னொரு நாள் ஈடுகட்டலாம். 60ஐ எட்டவே முடியாத பிள்ளைக்கு 20 நிமிடமும் நல்லதுதான். சும்மா இருந்த பிள்ளை கொஞ்சம் நகரத் தொடங்கும்போதுதான் உடம்புக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

மிதமானது, கடுமையானதுன்னு சொல்றீங்க. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமானது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தால் கடுமையானது. தாராளமாகப் பாட்டுப் பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்களே தங்களைக் கவனித்துக்கொள்வார்கள்.

அதான் வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் இருக்கே, அது போதாதா?

போதாது. நாளுக்கு 60 நிமிடம் என்றால் வாரத்துக்கு 420 நிமிடம். உயர்நிலை வகுப்புகளுக்கு வாரம் 180 நிமிடம் உடற்கல்வி வேண்டும் என்கிறது யுனெஸ்கோ. அதை முழுசாகக் கொடுக்கும் பள்ளியிலேயே பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. மீதி நேரம் இடைவேளை, பள்ளிக்கு வந்துபோகும் வழி, மாலை நேரம், விடுமுறை நாள் இவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

பீரியட் என்று அட்டவணையில் இருப்பது ஒன்று, அதில் பிள்ளை அசையும் நேரம் வேறொன்று. ஒரு நாள் நீங்களே மைதானத்து ஓரத்தில் நின்று பாருங்கள். சுமாராக ஆடும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அது உண்மையிலேயே ஓடும்போது மட்டும் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். நின்றால் நிறுத்துங்கள். வகுப்பிலிருந்து இறங்கி வர ஐந்து நிமிடம், வரிசை, வருகைப் பதிவு, பந்துக்குக் காற்று அடிப்பது, அணி பிரிப்பது, அதில் ஒரு சண்டை. ஆட்டம் தொடங்கிய பிறகும் அந்தப் பிள்ளை நிற்கும் மூலைக்குப் பந்து வருவதில்லை. ஒருமுறை வருகிறது. அதையும் நன்றாக ஆடும் பையன் ஓடி வந்து எடுத்துக்கொள்கிறான். மணி அடித்த பிறகு ஸ்டாப்வாட்சைப் பார்த்தால் மனது கஷ்டப்படும்.

பீரியட் நேரத்தில் பாதியாவது பிள்ளைகள் மூச்சு வாங்க அசைந்திருக்க வேண்டும் என்பது உடற்கல்வித் துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். புதிதாக ஒரு பீரியட் கேட்டுப் போராடுவதற்கு முன்பு, கையில் இருக்கும் பீரியடில் இந்தப் பாதியைப் பிடிப்பதுதான் முதல் வேலை என்பேன்.

என் பையன் சின்ன வயசுல ஒரு இடத்துல நிக்க மாட்டான். எட்டாம் வகுப்பு வந்ததும் அப்படியே உட்கார்ந்துட்டான். அவனுக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, இது உலகம் முழுக்க நடப்பது. 146 நாடுகளின் தரவைத் தொகுத்து 2019இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், 11 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 81 சதவீதம் பேர் நாளுக்கு 60 நிமிடம் என்ற அளவை எட்டவில்லை என்று தெரியவந்தது. பையன்களில் 78 சதவீதம், பெண்களில் 85 சதவீதம். இருப்பதிலேயே நிலைமை நன்றாக இருந்த நாட்டில்கூட மூன்றில் இரண்டு பேர் அந்த அளவுக்குக் கீழேதான் இருந்தார்கள். ஆகவே உங்கள் பையனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

இந்த வயதில் பல விஷயங்கள் சேர்ந்து வருகின்றன. பாடச் சுமை கூடுகிறது. இரவுத் தூக்கம் தள்ளிப்போகிறது. கையில் ஃபோன் வருகிறது. உடம்பு வேகமாக மாறுகிறது, மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் வருகிறது. இவை எல்லாவற்றையும்விட, சின்ன வகுப்பில் எல்லோரும் சேர்ந்து விளையாடியது இப்போது ‘டீம் செலக்‌ஷன்’ ஆகிவிடுகிறது. தேர்வாகாத பிள்ளைக்கு மைதானத்தில் இடமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அவனுக்கு அது புரிந்துவிடுகிறது.

விளையாட்டே பிடிக்காதுன்னு சொல்ற பிள்ளையை என்ன பண்றது?

எந்த விளையாட்டு பிடிக்காது என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளியில் நடக்கும் அந்த ஓரிரு ஆட்டங்கள்தான் பிடிக்காமல் இருக்கும். பந்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளை கயிறு தாண்டுவதிலோ, நடனத்திலோ, நீச்சலிலோ, தற்காப்புக் கலையிலோ மணிக்கணக்கில் லயிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தோழியோடு பேசிக்கொண்டே வேகமாக நடப்பதும் பயிற்சிதான். இரண்டாவது பதிலில் சொன்ன பேச்சு சோதனையில் தேறினால் போதும்.

மனிதர்கள் ஒரு காரியத்தை விருப்பத்தோடு தொடர மூன்று விஷயங்கள் வேண்டும் என்று எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் சொன்னார்கள். தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, நமக்கு இது வருகிறது என்ற நம்பிக்கை, கூட நம்மவர்கள் இருக்கிறார்கள் என்ற ஆறுதல். இதை மைதானத்துக்குக் கொண்டுவருவது அப்படி ஒன்றும் சிரமமில்லை. ஒரே ஆட்டத்துக்குப் பதிலாக மூன்றை வைத்து எதற்குப் போவது என்று பிள்ளையையே முடிவு செய்யச் சொல்லுங்கள். போன வாரம் 12 முறை கயிறு தாண்டியவள் இந்த வாரம் 15 தாண்டினாளா என்று அவளுடைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். சிநேகிதியோடு ஒரே குழுவில் இருக்க விடுங்கள்.

பீரியட்ல நாலஞ்சு பேர்தான் நல்லா ஆடுறாங்க, மத்தவங்க வேடிக்கை பார்க்கிறாங்க. எல்லாரையும் எப்படி இறக்குறது?

ஆட்டத்தைச் சின்னதாக்குங்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர் என்று ஆடும் இடத்தில், மூவருக்கு மூவர் என்று நான்கைந்து ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துங்கள். கோட்டை சுண்ணாம்பால் போடுங்கள், கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு பைகளை வையுங்கள். மூன்று பேர் இருக்கும் அணியில் யாரும் ஒளிந்துகொள்ளவும் முடியாது, யாரையும் ஒதுக்கவும் முடியாது. பந்து எல்லோர் காலுக்கும் வரும்.

‘அவுட்’ ஆனவர் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்களை மாற்றிவிடுங்கள். அதில் முதலில் வெளியேறுவது யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான். அவுட் ஆனால் பத்து முறை குதித்துவிட்டு மறுபடி உள்ளே வா என்று விதியைத் திருத்தினால் ஆட்டமும் நிற்காது.

அப்புறம், இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். கடைசியாக மிஞ்சி நிற்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு செருப்பு நுனியால் மண்ணைக் கிளறும். அந்த அரை நிமிடத்தை அது பல வருடங்கள் மறக்காது. அணியை ஆசிரியரே பிரித்துப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டிவிடலாம்.

ஆனா திறமை உள்ளவங்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டாமா?

வளர்க்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். இந்த வயதில் திறமை என்று நாம் நினைப்பது பல சமயம் சீக்கிரம் வளர்ந்த உடம்புதான். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை 1980களில் ஆராய்ந்தபோது, வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் இருந்தது தெரிந்தது. பத்து மாதம் மூத்த பிள்ளை உயரமாகவும் பலமாகவும் இருக்கும், அதனால் தேர்வாகும், தேர்வானதால் நல்ல பயிற்சியும் கிடைக்கும். மற்ற விளையாட்டுகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள். 12 வயதில் ‘இவனுக்கு வராது’ என்று தள்ளிய பையன் 16 வயதில் எப்படி இருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளி அணி இருக்கட்டும். அதற்குச் செலவாகும் நேரமும் பந்துகளும் மற்றப் பிள்ளைகளின் பீரியடிலிருந்து போகக் கூடாது.

எங்க பள்ளியில மைதானமே இல்லைங்க. என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். ஒரு வகுப்பறை அளவு இடம் இருந்தால் சர்க்யூட் பயிற்சி நடத்தலாம். எட்டு இடங்கள், ஒவ்வொன்றிலும் 30 வினாடி ஒரு பயிற்சி, 15 வினாடியில் அடுத்த இடத்துக்கு மாற வேண்டும். கயிறு தாண்டுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், உட்கார்ந்து எழுதல், படியில் ஏறி இறங்குதல், நின்ற இடத்தில் ஓடுதல் இப்படி. மூன்று சுற்று போனாலே வியர்த்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் அசைவதால் யாரும் யாரையும் வேடிக்கை பார்க்க நேரமிருக்காது, கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

வெறும் தரை இருந்தால் கோடுகளும் கட்டங்களும் வரைந்து விடுங்கள். இடைவேளையில் பந்தையும் கயிற்றையும் பூட்டிவைக்காமல் வெளியே வைத்தாலே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைங்க மேல்வகுப்பு வந்ததும் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிடுறாங்களே?

சொல்லும் காரணம் தலைவலியாக இருக்கும், உண்மையான காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருக்கும். பிரிட்டனில் 11 முதல் 18 வயது வரையிலான 2,000க்கும் மேற்பட்ட மாணவிகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மார்பு வளர்ச்சி தொடர்பான ஏதாவது ஒரு கவலை விளையாடும்போது இருக்கிறது என்று நான்கில் ஏறக்குறைய மூன்று பேர் சொன்னார்கள். ஓடும்போது மார்பு அசைவது வலியாகவும் கூச்சமாகவும் இருக்கிறது. சரியான ஸ்போர்ட்ஸ் பிரா இதைப் பெருமளவு தீர்த்துவிடும். ஆனால் பல வீடுகளில் மகளிடம் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அம்மாவோ அக்காவோ பேச வேண்டும். பள்ளியில் ஒரு ஆசிரியை, மாணவிகள் மட்டும் இருக்கும்போது பத்து நிமிடம் பேசினாலும் போதும்.

அடுத்தது உடை. மெல்லிய வெள்ளைச் சீருடை, ஓடினால் மேலே ஏறும் உடை, உட்கார்ந்து எழுந்தால் கவலைப்பட வைக்கும் உடை இவற்றோடு யாரும் மனதார ஓட மாட்டார்கள். அடர் நிறத்தில் தளர்வான சட்டையும் முழுக்காற்சட்டையும் அனுமதித்துப் பாருங்கள். தாழ்ப்பாள் சரியாக விழும் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, உடை மாற்றப் போதிய நேரம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். மைதானத்தைச் சுற்றிப் பையன்கள் நின்று பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள். இதையெல்லாம் சரிசெய்யாமல் ‘பெண்களுக்கு ஆர்வமில்லை’ என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

என்ன வேண்டும் என்று மாணவிகளையே கேட்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் படி. பெயர் எழுதாத சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால், நேரில் வராத பதில்களெல்லாம் வரும்.

மாதவிடாய் நாட்கள்ல விளையாடலாமா?

விளையாடலாம், கெடுதல் எதுவும் இல்லை. லேசான பயிற்சி பலருக்கு வயிற்று வலியைக் குறைக்கவும் செய்கிறது. வலி அதிகமாக இருக்கும் நாளில் நடையோ நீட்சிப் பயிற்சியோ போதும், முழு ஓய்வு வேண்டுமென்றால் அதுவும் சரி. முடிவு அவளுடையது. எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டிய நிலைமை மட்டும் இருக்கக் கூடாது. மாதாமாதம் பள்ளிக்கே வர முடியாத அளவு வலி என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொதுத்தேர்வு வருஷத்துல விளையாட்டுன்னு போனா படிப்பு கெட்டுப்போகாதா?

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஆய்வுகள் அந்தப் பக்கம் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளியில் உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்புகளில் ஏறக்குறைய பாதி நன்மையைக் காட்டின, மீதியில் பெரும்பாலானவை எந்த வித்தியாசமும் காட்டவில்லை. படிப்பு பாதிக்கப்பட்டதாகக் காட்டியவை 100க்கு இரண்டுகூட இல்லை. அதாவது பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் பாடத்துக்குக் கொடுப்பதால் மதிப்பெண் ஏறும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஓடியாடிய உடம்பு நன்றாகத் தூங்கும், தூங்கி எழுந்த மூளையில் படித்தது தங்கும். தேர்வு நெருக்கத்தில் ஒரு மணி நேரம் முடியாவிட்டால், ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவே பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கொஞ்சம் குண்டா இருக்கிற பிள்ளை. மத்தவங்க கேலி பண்ணுவாங்கன்னு வர மாட்டேங்குது.

கேலியை நிறுத்துவது ஆசிரியரின் வேலை, அந்தப் பிள்ளையின் வேலை இல்லை. முதல் தடவையே கண்டிக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது, ‘நீ கண்டிப்பா ஓடணும்’ என்று தனித்துச் சொல்வது எல்லாம் பெரியவர்கள் செய்யும் கேலிதான்.

வீட்டிலும் பயிற்சியை எடையோடு கட்டிப்போட வேண்டாம். எடை இறங்காவிட்டால் பிள்ளை பயிற்சியையும் விட்டுவிடும். எடை அப்படியே இருந்தாலும் இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநிலை எல்லாவற்றுக்கும் பயிற்சி நன்மைதான். இந்தப் பிள்ளைகள் பலருக்குப் பலம் அதிகம் இருக்கும். தள்ளுவது, இழுப்பது, எறிவது போன்றவற்றில் வகுப்பிலேயே முதலாக வரும் வாய்ப்பும் உண்டு. அதிலிருந்து தொடங்கலாம்.

ஆஸ்துமா இருக்கு, விளையாட்டிலிருந்து விலக்கு வாங்கிடலாமா?

வாங்க வேண்டாம். ஒலிம்பிக் வீரர்களிலேயே ஆஸ்துமா உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். மருத்துவர் சொன்னபடி மருந்து, 10 நிமிடம் மெதுவாக வார்ம்-அப், கைக்கெட்டும் தூரத்தில் இன்ஹேலர், விஷயம் தெரிந்த ஆசிரியர், இவை இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் எல்லாமே ஆடலாம். இன்ஹேலர் மாடியில் பூட்டிய வகுப்பறைப் பைக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கும் இதேதான், ஆடுவதற்கு முன் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், குளுக்கோஸ் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் இதை எல்லா ஆசிரியர்களும் நினைவில் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலி வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். எழுந்து சிரித்தாலும் அன்று திரும்ப ஆட விடக் கூடாது. மருத்துவர் இதயத்தைப் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மைதானத்துக்கு வரலாம்.

எடை தூக்கினா உயரம் வளராதாமே?

அது உண்மையில்லை. சரியான முறையில், மேற்பார்வையோடு செய்யும் வலுப் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் சொல்கிறது. முதலில் சொந்த உடல் எடையில் தொடங்கி, முறை சரியானதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். யார் அதிகம் தூக்குவது என்ற போட்டிதான் ஆபத்து.

உண்மையில் இந்த வயதில் எலும்புக்கு வேலை கொடுக்காமல் விடுவதுதான் நஷ்டம். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டு ஆண்டுகளில் மட்டும், வளர்ந்த பிறகு இருக்கும் எலும்புத் தாதுவில் சுமார் கால் பங்கு சேர்கிறது. குதிப்பது, ஓடுவது, கயிறு தாண்டுவது எல்லாம் எலும்பை உறுதியாக்கும். முதல் பதிலில் வாரம் மூன்று நாள் என்று தனியாகச் சொன்னது இதற்காகத்தான்.

ஓடினா முழங்காலுக்குக் கீழே வலிக்குதுன்னு சொல்றான். சாக்கா, நிஜமா?

நிஜமாகவே இருக்கலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தொட்டால் வலிக்கிறதென்றால், வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்குட் ஷ்லேட்டர் என்ற பிரச்சினையாக இருக்கக்கூடும். வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். குதிப்பதையும் ஓடுவதையும் குறைத்து, வலிக்காத அளவுக்கு மட்டும் நீச்சலோ சைக்கிளோ தொடரலாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீக்கம், நொண்டுதல் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

சொன்ன பேச்சு கேட்கலைன்னா பத்து ரவுண்டு ஓட விடுறோம். உடம்புக்கு நல்லதுதானே?

தயவுசெய்து வேண்டாம். ஓடுவது தண்டனை என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் அந்தப் பிள்ளையை ஆசையாக ஓட வைக்க முடியாது. அதே காரணத்துக்காக, வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று இடைவேளையையோ பி.டி. பீரியடையோ பறிப்பதும் கூடாது. அடங்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்குத்தான் அந்த ஓட்டம் அதிகம் தேவை.

ஃபிட்னஸ் டெஸ்ட் வைக்கலாமா? அதுல மார்க் போடலாமா?

வைக்கலாம், மார்க் போடக் கூடாது. 20 மீட்டர் தூரத்தை ‘பீப்’ சத்தத்துக்குள் ஓடிக் கடக்கும் சோதனை பலருக்கும் தெரியும். கனடாவைச் சேர்ந்த லுக் லெஜே 1982இல் வடிவமைத்தது. நல்ல சோதனை. ஆனால் அதில் முதலில் நின்றுவிடும் பிள்ளை தனியாக ஓரத்துக்கு நடந்து வருவதை வகுப்பே பார்க்கும். நான்கு நான்கு பேராக ஓட விடுங்கள், முடிவைப் பிள்ளையிடம் மட்டும் சொல்லுங்கள், பலகையில் ஒட்டாதீர்கள். நான்கு மாதம் கழித்து மறுபடி ஓடி, தன் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மார்க் கட்டாயம் என்றால் பங்கெடுத்ததற்கும் கற்றுக்கொண்டதற்கும் போடுங்கள். உயரமும் நுரையீரலும் பிறப்போடு வருபவை.

பரிசு கொடுத்தா வருவாங்களா?

வருவார்கள், பரிசு நின்றதும் அவர்களும் நின்றுவிடுவார்கள். தொடக்கத்தில் ஓர் உற்சாகத்துக்குச் சின்னதாக வைப்பதில் தப்பில்லை, அதுவும் ஜெயித்தவருக்கு என்றில்லாமல் தொடர்ந்து வந்த எல்லோருக்கும் என்று. நிலைத்து நிற்க வைப்பது ஐந்தாவது பதிலில் சொன்ன அந்த மூன்றும்தான்.

கையில வாட்ச் கட்டிக்கிட்டு 10,000 அடி நடந்தா போதுமா?

அந்த 10,000 என்ற எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவியது, பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்டதல்ல. வளரிளம் பருவத்தினர் 10,000 முதல் 11,700 அடி வரை வைத்தால் 60 நிமிட அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அடி எண்ணிக்கையில் வேகமும் தெரியாது, நீச்சலும் சைக்கிளும் சேராது. ஆசைப்பட்டால் கட்டட்டும், வகுப்பில் யார் அதிகம் என்று போட்டி வைக்க வேண்டாம்.

சக்கர நாற்காலியில வர்ற பையன் இருக்கான். அவனை ஸ்கோர் எழுத உட்கார வைக்கிறோம். சரிதானே?

சரியில்லை. அவனுக்கும் அதே 60 நிமிடம் வேண்டும், அவனுக்கு ஏற்ற விதத்தில். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பள்ளி விளையாட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கெடுப்பதை உரிமையாகவே சொல்கிறது. எதை மாற்றினால் உன்னால் ஆட முடியும் என்று முதலில் அவனிடம் கேளுங்கள். பந்தின் அளவு, வலையின் உயரம், ஆடும் தூரம், தரை இவற்றில் ஒன்றை மாற்றினாலே பல ஆட்டங்கள் கைகூடும்.

எல்லோரையும் ஒரே நிலையில் நிறுத்தும் ஆட்டங்களும் இருக்கின்றன. போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1946இல் உருவான கோல்பால் ஆட்டத்தில் பந்துக்குள் மணி இருக்கும், ஆடுபவர்கள் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள், சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவி வகுப்பில் இருந்தால் ஒருமுறை எல்லோருக்கும் இதை வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் அவளிடம் வந்து எப்படி என்று கேட்பார்கள்.

என் மகளுக்கு நேர் எதிர் பிரச்சினை. நாள் முழுக்க கோச்சிங்தான். அளவுக்கு மீறிப் போகுமா?

போகும். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் முறையான பயிற்சி எடுக்கிறாள் என்பது அவள் வயதைத் தாண்டக் கூடாது, 13 வயதென்றால் 13 மணி நேரம். ஒரே விளையாட்டை வருடம் முழுக்க ஆடாமல் சில மாதம் வேறு விளையாட்டுக்கு மாறுவதும், வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வும் நல்லது.

தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் ‘பயிற்சி அதிகம், அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம், எலும்பையும் பலவீனமாக்கும். பையன்களுக்கும் இந்தக் குறைபாடு வரும், வெளியே தெரிவது மட்டும் கடினம். அடிக்கடி காயம், எப்போதும் களைப்பு, எரிச்சல், பயிற்சிக்குப் போகவே பயம் எல்லாம் கவனிக்க வேண்டியவை.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. இன்னும் மூணு பேர் ஓரமாவே உட்கார்ந்திருக்காங்க. கட்டாயப்படுத்தலாமா?

பீரியடுக்கு வருவதைக் கட்டாயமாக்கலாம், என்ன செய்வது என்பதை அவர்களிடம் விடலாம். அதற்கு முன்பு, தனித்தனியாக, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் பேசுங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டால் சாக்குத்தான் வரும். ‘எதை மாற்றினால் வருவாய்’ என்று கேளுங்கள். ஒருவனுக்கு ஷூ கடித்துக்கொண்டிருக்கும், புதிது கேட்க வீட்டில் முடியாது. ஒருத்திக்கு இரும்புச்சத்துக் குறைவால் படி ஏறினாலே மூச்சு வாங்கும், அவளுக்கு ரத்தப் பரிசோதனைதான் முதலில் வேண்டும். இன்னொருவனை உடை மாற்றும் அறையில் யாரோ தொடர்ந்து வம்பிழுத்துக்கொண்டிருப்பார்கள்.

காரணம் எதுவும் பிடிபடவில்லை என்றால் அந்த மூவரையும் ஒன்றாக மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே நடக்கட்டும், முதல் இரண்டு வாரம் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். முடிந்தால் ஒரு சுற்று நீங்களும் கூட நடங்கள்.